தடைப்பட்டியலில் இருந்த பற்றரி

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி கடந்து சில நிமிடங்களில் இலங்கைத்தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தொட்டுவிட்டதே காரணம் என்று துறைக்குப் பொறுப்பான அமைச்சர் கூறினார். உலகப் பத்திரிகைகள் சிரித்தன. சமூக ஊடகங்களில் அநுமன் இரண்டாவது தடவையாக இலங்கையை எரித்த கதை எழுதப்பட்டது. சிரிப்பு அடங்கிய பின்னர்தான் பொறியியலாளர்கள் கூறியது மக்கள் காதில் விழுந்தது. விடுமுறை நாளின் வெயில் வேளையில், நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழப் பாதியைச் சூரியப் படலங்களே வழங்கிக்கொண்டிருந்தன. சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே இயங்கின. சிறு அதிர்ச்சி ஒன்றைத் தாங்கும் பலம்கூட மின்வலையமைப்பிடம் அப்போது இருக்கவில்லை.

அதே ஆண்டு இலங்கை மின்சார சபை விலைமனுக் கோரல் ஒன்றை வெளியிட்டது. தீவின் 16 இடங்களில், இடமொன்றுக்கு 10 மெகாவாட் வலுவும் 40 மெகாவாட் மணி கொள்ளளவும் கொண்ட பற்றரிச் சேமிப்பு நிலையங்கள். மொத்தம் 160 மெகாவாட், 640 மெகாவாட் மணி. அதைப் படித்தபோது, அரசாங்கம் வெளியிட்ட வேறொரு பட்டியல் எனக்கு நினைவுக்கு வந்தது. 1990களில் வடக்கில் வாழ்ந்த எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எடுத்துச் செல்லக்கூடாத பொருட்களின் பட்டியல் அது. அதிலும் பற்றரி இருந்தது.

இந்த இரண்டு காகிதங்களுக்கும் இடையில் கிடக்கும் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளின் கதையை, விசுவமடு என்ற ஓர் ஊரை நடுவில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கம்பி வந்த வழி

இலங்கையில் மின்விளக்கு எரியத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கொழும்பில். மலைநாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை சமர்ப்பித்தார். அவர் கனவு கண்ட லக்சபான நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969இல் உருவானது. மின்சாரத்தின் வரலாறு மலையிலிருந்து கொழும்பை நோக்கி இறங்கிய வரலாறு. வடக்குக்கு அது பிந்தியே வந்தது. சுன்னாகத்தில் டீசலில் இயங்கிய மின்நிலையம் ஒன்று இருந்தது. பின்னர் அநுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ட் உயர் அழுத்தக் கம்பி இழுக்கப்பட்டது.

வன்னியைப் பொறுத்தவரை மின்சாரத்தின் பெரிய வாடிக்கையாளர் வீடுகள் அல்ல. பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலைதான். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் பிரித்தெடுத்த தொழிற்சாலை அது. அந்தத் தொழிலுக்கு உப்பு எவ்வளவு அவசியமோ மின்சாரமும் அவ்வளவு அவசியம். பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம் கடந்து போனால் விசுவமடு வரும். காட்டை வெட்டி, குளத்தை நம்பி, 1960களிலும் 70களிலும் வந்து குடியேறிய உழவர்களின் ஊர். அவர்களுள் படித்துவிட்டு வேலையற்றிருந்த இளைஞர்களும் பலர். சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆட்சியில், 1970களின் முற்பகுதியில், மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வன்னியின் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் அந்தச் செழிப்பை உண்டாக்கியது மின்சாரம் அல்ல. மண்ணெண்ணெயில் ஓடிய நீரிறைக்கும் இயந்திரம். கம்பி பிரதான வீதிகளோடும் பட்டினங்களோடும் நின்றுவிட, குடியேற்றக் கிராமங்களில் பெரும்பாலானவை விளக்கோடுதான் இருந்தன.

1990 ஜூனில் இரண்டாவது ஈழப்போர் தொடங்கியது. வடக்குக்கான மின்தொடர்பு அறுந்தது. பரந்தன் தொழிற்சாலை இடிபாடானது. உயர் அழுத்தக் கம்பியைத் தாங்கிய கோபுரங்கள் சாய்ந்தன. கம்பிகள் மறைந்தன. அலுமினியத்துக்கும் இரும்புக்கும் போர்க்காலத்தில் ஆயிரம் தேவைகள் இருந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு வன்னி பெருநிலப்பரப்பு தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே கிடந்தது.

பட்டியல்

பொருளாதாரத் தடை என்று நாம் அழைத்த அந்தப் பட்டியலில் பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, யூரியா எல்லாம் இருந்தன. மண்ணெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்டது. பற்றரி என்றால் வாகன பற்றரி மட்டும் அல்ல, ரோர்ச் லைற்றுக்கும் வானொலிப் பெட்டிக்கும் போடுகிற சின்ன உலர் பற்றரியும்தான். தடைக்கு அரசாங்கம் கூறிய காரணம் இராணுவக் காரணம். கண்ணிவெடிக்கும் தொலைத்தொடர்புக் கருவிக்கும் பற்றரி தேவை என்பது உண்மையே. ஆனால் படையணிகளின் முகாம்களில் மின்பிறப்பாக்கிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இருளில் இருந்தவை வீடுகளும் பாடசாலைகளும் மருத்துவமனைகளும். தடைகள் எங்கு போடப்பட்டாலும் நடப்பது இதுதான் என்பதைப் பின்னர் ஈராக்கைப் பற்றி வாசித்தபோது உணர்ந்துகொண்டேன்.

அந்தக் காலத்து வீடுகளின் இரவைப் புலம்பெயர் நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய், வாயில் ஒரு திரி. அதுதான் ஜாம் போத்தல் விளக்கு. ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் க.பொ.த. உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் போனது. பத்திரிகைத் தாளும் தடைப்பட்டதால் நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த செய்திகளை மக்கள் கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் வாசித்தார்கள்.

உலர் பற்றரி தீர்ந்தால் எறிவதில்லை. வெயிலில் காயவைத்தார்கள். துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். இரண்டு பற்றரி போடவேண்டிய இடத்தில் பழைய பற்றரிகள் ஆறேழை வரிசையாகக் கட்டிவைத்தார்கள். அதுவும் முடிந்த பிறகு துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தினார்கள். பின்சில்லில் உரசும் தைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் வானொலிப் பெட்டிக்குப் போகும். வீட்டில் ஒரு பையன் கையால் மிதிகட்டையைச் சுற்றுவான். இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. வளவுக்குள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருப்பார்கள். பையன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மெலியும். "டேய், விடாமச் சுத்தடா" என்று யாராவது ஒரு பெரியவர் அதட்டுவார். குரல் மீண்டும் நிமிரும்.

இந்தக் காட்சியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்வலையமைப்பின் அதிர்வெண் என்றால் என்ன என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1996இல் கிளிநொச்சியை இராணுவம் கைப்பற்றியபோது அங்கிருந்த மக்கள் கிழக்கேயும் மேற்கேயும் சிதறினர். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மல்லாவி போன்ற ஊர்கள் திடீரெனப் பட்டினங்களாயின. அந்த ஆண்டுகளில் விசுவமடுச் சந்தியைக் கடக்கும்போதெல்லாம் நான் கவனித்த ஒன்று பற்றரி சார்ஜ் பண்ணும் கொட்டில்கள். பனையோலைக் கூரையின் கீழ் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு மின்பிறப்பாக்கி. அதைச் சுற்றி மரப்பலகையில் வரிசையாக வாகன பற்றரிகள், ஒவ்வொன்றின் மீதும் சோக்கினால் எழுதிய பெயர். காலையில் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்து மாலையில் எடுத்துப் போவார்கள். ஒரு சிறிய குழல்விளக்கு சில இரவுகள் எரியும். கலியாண வீடு என்றால் படக்கொப்பி போட்டுப் பார்ப்பார்கள். பழைய தட்டுகளுக்குப் புதிதாக அமிலம் ஊற்றி, ஈயத்தை உருக்கி முனை வார்த்து, செத்த பற்றரிக்கு உயிர் கொடுக்கிற தொழிலாளர்களும் அங்கு இருந்தார்கள். மின்சாரத்தைப் பற்றிய பாடப்புத்தக அறிவு அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் சேமித்த மின்சாரத்தின் பெறுமதியை அவர்கள் அளவுக்கு உணர்ந்தவர்கள் அக்காலத்தில் கொழும்பில் இருந்திருக்க முடியாது.

இரண்டு நேரங்கள்

இங்கு ஒரு கிளைக்கதை. 1996இல் கடும் வரட்சி. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த தென்னிலங்கையில் மின்வெட்டு. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் அந்த ஆண்டு மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிகுதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. வவுனியாவில் எட்டு மணி என்றால் ஓமந்தைக்கு அப்பால் ஏழரை. புதிய நேரம், பழைய நேரம் என்று இரண்டு நேரங்களோடு ஒரு சிறிய தீவு பத்தாண்டு வாழ்ந்தது. அதை அரசியல் அடையாளமாகவே எல்லோரும் எழுதினோம். இன்று யோசிக்கும்போது அதற்குள் இருந்த இன்னொரு உண்மையும் தெரிகிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக மாற்றப்பட்ட நேரம், மிச்சம் பிடிக்க மின்சாரமே இல்லாத நிலத்துக்கு எதற்கு?

ஐம்பது என்ற எண்

நமது வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டம் ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் அசைகிறது. இந்த 50 ஹேர்ட்ஸ் என்பது வானத்திலிருந்து வந்த எண் அல்ல. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நீராவிச் சுழலி நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றும் வேகமே அந்த ஐம்பது. விக்டோரியாவிலும் லக்சபானவிலும் நீர்ச்சுழலிகள் வேறு வேகத்தில் சுற்றினாலும், காந்தங்களின் எண்ணிக்கையால் அதே ஐம்பதையே உண்டாக்குகின்றன. வலையமைப்பில் இணைந்த எல்லாச் சுழலிகளும் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும்.

இனி அந்தத் துவிச்சக்கரவண்டிக்கு வருவோம். தைனமோவில் ஒன்றும் இணைக்காதபோது மிதிகட்டை இலேசாகச் சுற்றும். வானொலியை இணைத்தால் கை சற்றுக் கனக்கும். கூடவே ஒரு விளக்கையும் இணைத்தால் இன்னும் கனக்கும். பையன் அதற்கேற்பப் பலம் கொடுக்காவிட்டால் சில்லு வேகம் குறையும். நாட்டின் மின்வலையமைப்பும் அப்படித்தான். மாலை ஆறரை மணிக்கு இலட்சக்கணக்கான வீடுகளில் விளக்குப் போடும்போது எங்கோ மலையில் ஒரு சுழலிக்குக் கை கனக்கிறது. அதிர்வெண் ஐம்பதிலிருந்து சற்று இறங்குகிறது. அதை உணரும் கருவி நீர்க்கதவைச் சற்றுத் திறக்கிறது. வேகம் மீள்கிறது. மின்தேவை குறைந்தால் இதன் மறுதலை. இது நாள் முழுவதும், ஒவ்வொரு செக்கனும் நடந்துகொண்டிருக்கிறது. இலங்கையில் அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்று, அதாவது 49.5 முதல் 50.5 வரை.

ஒரு பெரிய நிலையம் திடீரென நின்றால் என்ன நடக்கும்? நீர்க்கதவு திறப்பதற்கும் நீராவி கூடுவதற்கும் சில செக்கன்கள் வேண்டும். அந்தச் சில செக்கன்களைத் தாங்குவது சுழலும் இரும்பின் கனம். மிதிப்பதை நிறுத்திய பிறகும் கனமான சில்லு சற்று நேரம் ஓடுமல்லவா, அதுபோல. சூரியப் படலத்தில் சுழல்வது எதுவும் இல்லை. நண்பகலில் கூரைகளெங்கும் படலங்கள் மின்சாரத்தைக் கொட்டும்போது பெரிய சுழலிகளை நிறுத்தவேண்டி வருகிறது. அப்போது வலையமைப்பு, சில்லின் கனத்தை இழந்த துவிச்சக்கரவண்டி ஆகிவிடுகிறது. ஒரு கல் தடக்கினாலும் சரிந்துவிடும். பாணந்துறையில் அந்தக் கல் ஒரு குரங்கு. இரண்டு மாதம் கழித்து, 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும் நாட்களுக்காக மின்சார சபை ஒரு விசித்திர வேண்டுகோளை விடுத்தது. 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரியப் படலங்களைத் தயவுசெய்து நிறுத்திவையுங்கள் என்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் கிடந்த நாடு இது. இப்போது கையில் வந்த இலவச வெளிச்சத்தை வைத்துக்கொள்ளப் பாத்திரம் இல்லை.

பாத்திரம்தான் பற்றரி. அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது வன்னி மக்களுக்கு விளக்கவே தேவையில்லாதது. மாரியில் பெய்கிற மழையைக் குளத்தில் தேக்கி, சிறுபோகத்துக்குத் துருசு திறப்பதுபோல, நண்பகல் வெயிலைத் தேக்கி இரவுக்குத் திறப்பது. 40 மெகாவாட் மணி கொண்ட நிலையம் ஒன்று 10 மெகாவாட் வீதம் நான்கு மணித்தியாலம் கொடுக்கும். மாலை விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து ஊர் உறங்கும்வரை அது போதும். இரண்டாவது வேலை அதிர்வெண்ணைக் காப்பது. நீர்க்கதவுக்குச் செக்கன்கள் தேவைப்படும் இடத்தில் பற்றரிக்குச் செக்கனின் சிறு பின்னமே போதும். அதிர்வெண் இறங்கினால் மின்சாரத்தைக் கொடுக்கும், ஏறினால் உறிஞ்சும். முறையாக வடிவமைத்த மின்மாற்றுக் கருவியோடு இணைத்தால், சுழலும் இரும்பு கொடுத்த தாளத்தைப் பற்றரியே உண்டாக்கவும் முடியும்.

முற்றுகைக்குள் இருந்த இன்னொரு நகரம்

இதெல்லாம் இந்த நூற்றாண்டின் புதுமை என்று நினைப்பது தவறு. மின்வலையமைப்பின் அதிர்வெண்ணைக் காக்கப் பெரிய பற்றரியை நிறுவிய முன்னோடி நகரம், நம்மைப் போலவே முற்றுகையை அறிந்த ஒரு நகரம். மேற்கு பெர்லின்.

1948 ஜூனில் சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை மூடியது. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நிறுத்தப்பட்டது. 1949 மே வரை அமெரிக்க, பிரித்தானிய விமானங்கள் மாவையும் நிலக்கரியையும் கொண்டுபோய் இறக்கின. உணவைவிட நிலக்கரியின் நிறையே அதிகம். ஒரு மின்நிலையத்தைக் கட்டி எழுப்புவதற்கான இயந்திரப் பாகங்களைக்கூட விமானத்தில் ஏற்றினார்கள். முற்றுகை நீங்கிய பின்னரும் 1952இல் கிழக்குடனான மின்தொடர்பு மீண்டும் அறுந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நகரம் ஒரு மின்தீவாகவே இருந்தது. அண்டை வலையமைப்பு எதிலும் சாய முடியாது. அதிர்வெண்ணைத் தன் சொந்த நிலையங்களாலேயே காத்தாக வேண்டும்.

அதற்காக அந்நகரின் மின் நிறுவனமான பேவாக், 1986-87 காலத்தில் ஸ்ரெக்லிற்ஸ் பகுதியில் ஒரு கட்டடம் நிறைய ஈய-அமில பற்றரிகளை அடுக்கியது. 7,080 கலங்கள். 17 மெகாவாட் வலு, 14 மெகாவாட் மணி கொள்ளளவு. விசுவமடுச் சந்திக் கொட்டிலில் பலகையில் அடுக்கியிருந்ததும் அதே ஈயமும் அமிலமும்தான். மதில் இடிந்து, 1994 இறுதியில் பெர்லின் மேற்கு ஐரோப்பிய வலையமைப்போடு இணைந்ததும் அந்தப் பற்றரியின் தேவை முடிந்தது.

இரு முற்றுகைகளையும் ஒப்பிடும்போது எனக்கு உறுத்துவது ஒன்று. பெர்லினை முற்றுகையிட்டது எதிரி வல்லரசு. விமானத்தில் நிலக்கரி அனுப்பியது அந்நகர மக்களைத் தம்மவர் என்று கருதிய அரசுகள். வன்னிக்குப் பற்றரி போகக்கூடாது என்று பட்டியல் போட்டது, வன்னி மக்களைத் தன் குடிமக்கள் என்று உரிமை கொண்டாடிய அரசு.

பெர்லினுக்குப் பின் இந்தத் தொழில்நுட்பம் சிறிது காலம் தேங்கியது. லிதியம் பற்றரியின் விலை விழுந்ததும் மீண்டும் எழுந்தது. 2016 செப்ரெம்பரில் தென் அவுஸ்திரேலிய மாநிலம் முழுவதும் புயலில் இருண்டது. 2017 டிசம்பரில் அங்கு ஹோண்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி கொண்ட பற்றரி இயங்கத் தொடங்கியது. இரண்டு வாரத்துக்குள், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் தொலைவில், விக்ரோறியா மாநிலத்தின் நிலக்கரி நிலையம் ஒன்றின் 560 மெகாவாட் இயந்திரம் திடீரென நின்றது. வேறு நிலையங்கள் விழித்தெழுமுன் ஹோண்ஸ்டேல் தன் பங்கைக் கொடுத்துவிட்டது. அளவில் அது சிறு பங்குதான். பொறியியலாளர்கள் வியந்தது அதன் வேகத்தை.

வடக்கின் வெயிலும் காற்றும்

2002 ஜனவரியில் தடை தளர்ந்தது. ஏ-9 பாதை திறந்தது. வன்னிக்குப் பற்றரியும் சூரியப் படலமும் வந்தன. விசுவமடுவில் கடைகள் பெருகின. 2009 ஜனவரி இறுதியில் அந்த ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. பரந்தன் - முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கிப் போன இலட்சக்கணக்கான மக்கள், சுமக்க முடியாததை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனார்கள். உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், பற்றரி, கடைசியில் துவிச்சக்கரவண்டி.

போர் முடிந்து 2014ஆம் ஆண்டுக்குள் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் ஜப்பானிய, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன்களால் உயர் அழுத்தக் கம்பி மீண்டும் இழுக்கப்பட்டது. குடியேற்றக் கிராமங்களுக்கும் மின்கம்பம் வந்தது. அது பெரிய காரியம். அதைச் செய்தவர்களைப் பாராட்டவேண்டும். இப்போது கொழும்பில் விளக்கு அணைந்தால் விசுவமடுவிலும் அணையும். ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டுவிட்டோம்.

ஆனால் வலையமைப்பில் வன்னியின் இடம் மாறத் தொடங்கியுள்ளது. அன்று கம்பியின் கடைசியில் இருந்த நிலம். இன்று நாட்டின் எதிர்கால மின்சாரத்துக்கு எல்லோரும் கைநீட்டும் நிலம். மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைகள் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டன. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. பூநகரிக் குளத்தில் 700 மெகாவாட் சூரியமின் திட்டத்துக்கும் அதனுடன் 1,500 மெகாவாட் மணி பற்றரிக்கும் 2023இல் அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. காகிதத்தில் அதன் கொள்ளளவு, 2025இல் விலைமனுக் கோரிய பதினாறு நிலையங்களின் கூட்டுத்தொகையைவிட இருமடங்குக்கும் மேல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் கலந்த திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியா ஆட்சேபித்து, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. ஒரு சில ஆயிரம் தீவுவாசிகளின் விளக்கைப் பற்றி இரண்டு வல்லரசுகள் இவ்வளவு அக்கறை கொண்டது வரலாற்றில் முதல் தடவையாக இருக்கக்கூடும்.

இந்தத் திட்டங்கள் வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். இருபது ஆண்டு இருளில் இருந்தவனுக்கு மின்சாரத்தை வெறுக்கும் ஆடம்பரம் கிடையாது. 2030இல் மின்சாரத்தின் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது அரசாங்கம் அறிவித்த இலக்கு. பற்றரி இல்லாமல் அது நடக்காது. கேள்வி வேறு. நிலம் யாருடையது, முடிவு யாருடையது, மிச்சக் குப்பை யாருடையது?

இதைக் கற்பனையான அச்சமாக எண்ணவேண்டாம். சுன்னாகத்தில் எரிபொருள் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்து கிணறுகள் கெட்ட வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. தண்ணீர் கெட்டதற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையில் அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாளியோடு பவுசருக்குக் காத்திருந்தன. 2025 ஆகஸ்டில் மன்னார் தீவு மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக வீதிக்கு இறங்கினார்கள். வெள்ளம் வடியாத தம் தாழ்நிலத்தில் கோபுரங்களை நடுமுன் தங்களிடம் கேட்கவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. லிதியம் பற்றரியும் ஒருநாள் தேய்ந்துபோகும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்தக் கொள்கலன்களைக் கழற்றி எங்கே கொண்டுபோவது, தீப்பிடித்தால் யார் அணைப்பது, அருகில் உள்ள குளத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் ஒப்பந்தம் எழுதும்போதே எழுதப்பட வேண்டியவை.

இன்னொன்றும் உண்டு. கம்பி அறுந்தாலும் ஊர் எரியும்படி பற்றரியை அமைக்க முடியும். பெரிய வலையமைப்பு விழும்போது தன்னைத் துண்டித்துக்கொண்டு, மருத்துவமனைக்கும் நீர்வழங்கலுக்கும் மட்டுமாவது மின்சாரத்தைக் காக்கும் சிறு வலையமைப்பாக இயங்கலாம். எழுவைதீவில் சிறிய அளவில் அப்படியொரு கலப்பு அமைப்பு 2010களிலேயே அமைக்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் துணைமின் நிலையங்களுக்குப் பக்கத்தில் பற்றரி நிலையம் அமைக்கும் நாள் வரும்போது, அது கொழும்பின் அதிர்வெண்ணைக் காப்பதோடு நின்றுவிடாமல், தருமபுரம் மருத்துவமனையின் பிரசவ அறையையும் காக்கவேண்டும் என்று நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபைகளும் இப்போதே கேட்கவேண்டும். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை இல்லை. கேட்காவிட்டால் எழுதமாட்டார்கள்.

விசுவமடுச் சந்தியின் அந்தக் கொட்டில்கள் இன்று இல்லை. பற்றரியின் மீது சோக்கினால் பெயர் எழுதியவர்களில் எத்தனை பேர் 2009ஐக் கடந்தார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. உப்புத் தண்ணீரால் பற்றரிக்கு உயிர் கொடுத்த, கை நோக நோகச் சில்லுச் சுற்றிய பையன்களில் சிலர் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் மின்பொறியியலாளர்களாக இருக்கிறார்கள். உலகின் பெரிய பற்றரி நிலையங்களில் வேலை செய்பவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும். அவர்களில் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். இந்தத் திட்ட ஆவணங்களைத் தேடி வாசியுங்கள். எங்கள் ஊர் மக்களுக்கு விளங்கும் தமிழில் அவற்றைப் பற்றி எழுதுங்கள். பிரதேச செயலகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கவேண்டிய கேள்விகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.